நாற்பது நொடிப் பூட்டு

நூற்று எழுபத்திரண்டு செவ்வாய்க்கிழமைகள்.
ஒவ்வொன்றும் இரண்டரை மணி நேரம்,
விளம்பரம் தனி.
கணக்குப் போட்டவள் என் மனைவி முசெய்யென்,
குடித்த தேநீரைச் சேர்க்காமல்.

கடைசிக் காட்சியில்
அழைப்புமணி அடிக்கிறது.
ஃபெரிதே எழுந்து வருகிறாள்.
ஐந்து வருடமாய் அவளைக் கொல்லத் தேடியவனும்
ஐந்து வருடமாய் அவள் காத்திருந்தவனும்
அன்றிரவு ஒரே ஊரில், ஒரே மழையில்,
ஒரே நிறக் கோட்டில்.
கைப்பிடிமேல் கை வைக்கிறாள்.
விரலில் மோதிரம் இருக்கிறதா என்று பார்க்க
நான் முன்னால் குனிகிறேன்.

திரை கறுத்தது.

மின்சாரம் போய்விட்டது என்றே நினைத்தேன்.
குளிர்பெட்டி உறுமிக்கொண்டுதான் இருந்தது.
பிறகு பெயர்கள் ஏறத் தொடங்கின:
விளக்குப் பிடித்தவர், ஒப்பனை செய்தவர்,
குதிரைகளைப் பார்த்துக்கொண்டவர்.
குதிரைக்குக்கூட ஒரு பொறுப்பாளி உண்டு.

மேல்வீட்டில் யாரோ செருப்பை எறிந்தார்கள்.
போர்சுக் ஆற்றின் இரண்டு கரையிலும்
சன்னல் சன்னலாக ஒரே வசவு.
தேர்தல் இரவில்கூட
இந்த ஊர் இப்படி ஒத்துப்போனதில்லை.

நான் பூட்டுக்காரன்.
எஸ்கிஷெஹிரில் முப்பத்தோரு வருடமாய்.
அந்தக் கதவு எனக்குத் தெரியும்.
ஐந்து ஊசி உருளைப் பூட்டு, மலிவு ரகம்,
மாளிகைக்குப் பொருந்தாது என்று
முதல் வருடமே சொன்னேன்.
நாற்பது நொடி வேலை.
கை நடுங்கினால் ஐம்பது.
என்னைக் கூப்பிட்டிருக்கலாம்.

மறுநாள் சாவி நகலெடுக்க வந்தவர்களெல்லாம்
அவரவர் இஷ்டத்துக்கு அதைத் திறந்தார்கள்.
வந்தது தம்பிதான் என்று
ரொட்டிக்கடை நெஜ்தெத் மகள்மேல் சத்தியம் செய்தான்.
அவள் மூன்றாம் வருடமே செத்துவிட்டாள்,
மீதியெல்லாம் கனவு என்றாள் மருந்துக்கடைக்காரி.
(அவளிடம் கொஞ்சம் அதிகமாகவே வாங்கினேன்.)
ஒரு கல்லூரிப் பையன் மட்டும்
சிரித்துக்கொண்டே சொன்னான்:
"முடிக்காததுதான் அழகு, அண்ணே.
மீதியை நாம்தான் யோசிக்கணும்."

தம்பி, யோசிக்கிறவனாய் இருந்தால்
ஐந்து வருடம் ஏன் டிவி முன்னால் உட்கார்ந்தேன்?
உன் சாவியிலும் கடைசிப் பல்லை
வெட்டாமல் தருகிறேன்.
வீட்டு வாசலில் நின்று யோசி.

அவனுக்கு அந்த யோசனை பிடித்திருந்தது.
அதுதான் வயிற்றெரிச்சல்.

மூன்று மணிக்கு ஓர் அழைப்பு.
நகராட்சிக் குடியிருப்பு, நான்காம் மாடி.
இரண்டு போலீஸ்காரர்கள்.
குதாஹ்யாவிலிருந்து பேருந்தில் வந்த ஒரு பெண்,
மடியில் இறக்கிவைக்காத பை.
உள்ளே அவள் அண்ணன்.
நான்கு நாளாய்த் தொலைபேசி எடுக்கவில்லையாம்.
மிதியடிமேல் மண்டியிட்டேன்.
முப்பத்தைந்து நொடி.
க்ளிக்.

பெட்டியை மூடிக்கொண்டு இறங்கினேன்.
எப்போதும் அப்படித்தான்:
கதவு திறந்ததும் முதுகைக் காட்டிவிட வேண்டும்.
பூட்டுவரைதான் நம்முடையது,
உள்ளே இருப்பது வீட்டுக்காரர்களுடையது.
மூன்றாம் மாடித் திருப்பத்தில்
மேலிருந்து அந்தப் பெண்ணின் குரல் கேட்டது.
ஒரே ஒரு "அ".
அண்ணா என்றதா, அழுகையின் தொடக்கமா,
அப்பாடா என்ற பெருமூச்சா,
படிக்கட்டின் எதிரொலியில் பிரியவில்லை.
நின்றேன்.
பிறகு இறங்கினேன்.
கூலி தந்த போலீஸ்காரர் ரசீது கேட்டார்.
நான் ஒன்றும் கேட்கவில்லை.

இரவு முசெய்யெனிடம் சொன்னேன்.
"உயிரோடு இருந்தானா?"
தெரியாது.
"தெரியாதா?"
செவ்வாய் இரவு வைத்த அதே சத்தத்தோடு
கண்ணாடிக் குவளையைத் தட்டில் வைத்தாள்.

"முப்பத்தோரு வருடம்," என்றாள்.
"ஒரு நாளைக்கு எத்தனை கதவு?"

கணக்கில் கெட்டிக்காரி.
பேனாவைத் தேடி எழுந்தாள்.